பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பவர்: வர்ணனையில் நிபுணருக்கு என்ன வேலை?

கோத்தகிரி மைக் | திங்கள், இரவு 9.10

வணக்கம் நண்பர்களே. ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கால்பந்துப் போட்டிக்குப் 12 வருடமாக மைக் பிடிக்கிறேன். பகலில் தேயிலை எடை போடுகிற வேலை, லீவு நாளில் மைதானம். இத்தனை வருடமும் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் மட்டும்தான். இந்த வருடம் பையன்கள் யூடியூபில் நேரலை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே ஒரு செல்போன். அதை ஸ்டாண்டில் நிறுத்தி, பந்து போகிற பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். "அண்ணா, டிவி மாதிரி உங்க பக்கத்துல ஒரு எக்ஸ்பர்ட் உட்காரணும்" என்றார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. மாவட்ட அணிக்கு ஸ்டாப்பர் பேக்காக, அதாவது கோலிக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவராக, ஆடிய பெரியவர் ஒருவர் ஊரில் இருக்கிறார், வயது 58. நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது அவர் தலையால் தட்டுவதைப் பார்க்கவே மைதானத்துக்கு ஓடுவோம். கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

நேற்று கால் இறுதி. நான் "இடது பக்கம் போகிறது, உள்ளே அடிக்கிறார், கோலி தட்டிவிட்டார்" என்பேன். அவர் "ஆமா, கோலி நல்லா தட்டினார்" என்பார். நான் சொன்னதையே ஒரு நொடி கழித்து இன்னொரு குரலில் கேட்டால் பார்க்கிறவருக்கு என்ன கிடைக்கும்? இடைவேளையில் "உங்க காலத்து ஆட்டத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று நான்தான் கேட்டேன். ஒரு பழைய இறுதிப்போட்டியை ஆரம்பித்தார். நல்ல கதை. ஆனால் கதை முடிவதற்குள் இரண்டாம் பாதி தொடங்கி ஒரு கோலும் விழுந்துவிட்டது. திரையில் புதுக் கோல் விழுகிறது, நாங்கள் இருவரும் 30 வருடத்துக்கு முந்தைய கோலைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனோம். வர்க்கியை நனைத்துத் தின்றபடி அவர் அந்தக் கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டீ கிளாஸ், தண்ணீர் டம்ளர், தீப்பெட்டி மூன்றையும் மேஜைமேல் நகர்த்தி நகர்த்திக் காட்டினார். "இந்தத் தீப்பெட்டிதான் லெஃப்ட் பேக், இடது பக்கம் தடுக்கிறவன். இவன் பந்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான், ஆளைப் பார்க்கல. நம்ம மைதானம் பள்ளத்துப் பக்கம் சரியும். அங்க குத்துற பந்து முதல் பவுன்ஸ்லயே வெளிய ஓடும். இவன் அது நின்னு வரும்னு காத்திருக்கான். அந்தப் பையன் சரிவை நம்பி முன்னாடியே ஓடிட்டான்." அரை நிமிடம்கூட ஆகவில்லை. 12 வருடம் அதே மைதானத்தைப் பார்த்த என் கண்ணுக்கு அது பட்டதே இல்லை.

"அண்ணா, இதை ஏன் மைக்ல சொல்லல?" என்றேன்.

"நீ கேட்கலையே தம்பி" என்றார்.

அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. சனிக்கிழமை அரை இறுதி. நிபுணர் என்று ஒருவரை உட்கார வைத்தால் அவருக்கு என்ன வேலை கொடுக்க வேண்டும்? நான் என்ன கேட்க வேண்டும்?

லவ்டேல் பெஞ்ச் | திங்கள், இரவு 10.25

தம்பி, எங்கள் தலைமுறைக்கு விளையாட்டு காது வழியாகத்தான் வந்தது. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால் வானொலியில் தமிழில் நேர்முக வர்ணனை வரும். அப்துல் ஜப்பாரின் குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மலையில் சிக்னல் வரும், போகும். ரேடியோவைச் சன்னலோரம் வைத்து, கம்பியைத் திருப்பித் திருப்பிக் கேட்போம். பந்து வீசுபவர் எந்த முனையிலிருந்து வருகிறார், யார் எங்கே நிற்கிறார், எல்லாவற்றையும் வார்த்தையால்தான் கட்ட வேண்டும். அதனால் வானொலியில் வர்ணிப்பவருக்குத்தான் முதல் மரியாதை. இங்கிலாந்து வானொலியின் கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட் போலீஸ்காரராக இருந்தவர், கவிதை எழுதியவர். டெஸ்ட் ஆடியவர் இல்லை. ஆனால் அவர் சொன்னால் மைதானமே கண்ணில் நிற்கும் என்பார்கள். முன்னாள் ஆட்டக்காரர் பந்துக்கும் பந்துக்கும் நடுவில், ஓவர் முடிகிற இடத்தில், இரண்டு வார்த்தை சேர்ப்பார்.

தொலைக்காட்சி வந்ததும் கதை மாறியது. பந்து எங்கே போகிறது என்பதைப் பார்ப்பவரே பார்க்கிறார். அங்கே ரிச்சி பெனோதான் பாடம். ஆஸ்திரேலிய அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1956 இங்கிலாந்துப் பயணம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் பிபிசியில் பயிற்சி எடுத்தவர். கேப்டன் பதவியெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது. பெரிய ஆட்டக்காரர் என்பதால் மைக் தானாக வசப்படும் என்று அவர் நினைக்கவில்லை. படத்தில் இருப்பதோடு எதையாவது சேர்க்க முடிந்தால் பேசுவது, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வது, இதுதான் அவர் வழி.

உங்கள் பெரியவர் "கோலி நல்லா தட்டினார்" என்றது அவர் தப்பே இல்லை. வானொலி வேலையையும் தொலைக்காட்சி வேலையையும் நீங்கள் ஒருவரே செய்து முடித்துவிட்டால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

மேட்டுப்பாளையம் கேமரா | திங்கள், இரவு 11.40

நேரலை வண்டியில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன் அண்ணா.

பந்து உயிரோடு இருக்கும்போது மைக் முதல் ஆளுடையது. ரீப்ளே ஓடினால் நிபுணருடையது. இது எழுதி ஒட்டாத சட்டம். இருவர் காதிலும் டைரக்டர் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து எந்தக் கோணம், விளம்பரத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டே வருவார். இருமல் வந்தால் அழுத்துவதற்குத் தனி பட்டன் உண்டு. ஒருவர் பேச விரும்பினால் மற்றவர் கையை லேசாகத் தொடுவார். நீங்களும் இதைச் செய்யலாம், செலவே இல்லை.

இங்கிலாந்தில் சேனல் 4 கிரிக்கெட் காட்ட ஆரம்பித்த 1999-இல், சைமன் ஹியூஸ் என்ற முன்னாள் பந்துவீச்சாளரை வர்ணனை அறையில் உட்கார வைக்காமல் வீடியோ வண்டிக்குள் உட்கார வைத்தார்கள். எல்லாக் கேமராவின் படமும் அவர் முன்னால் ஓடும். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, "இந்த மணிக்கட்டைப் பாருங்கள்" என்று காட்டுவார். தன் பெருமையைப் பேச அங்கே இடமே இல்லை. 2001-இல் பந்தின் பாதையை வரைந்து காட்டும் ஹாக்-ஐயும் அதே சேனலில்தான் முதலில் வந்தது. நிபுணரின் வேலை சுட்டுவிரல் வேலை என்று எனக்குப் புரிந்தது அந்தப் பழைய ஒளிபரப்புகளைப் பார்த்துத்தான்.

உங்களிடம் ரீப்ளே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பந்து எல்லை தாண்டி இலைத் தோட்டத்துக்குள் போனால் எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகிறது?

அப்புறம் கேள்வி. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "அந்த லெஃப்ட் பேக் ஏன் அங்க நின்னான்?" என்று கேளுங்கள்.

கோத்தகிரி மைக் | செவ்வாய், காலை 6.50

> பந்து எல்லை தாண்டி இலைத் தோட்டத்துக்குள் போனால் எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகிறது?

இரண்டு நிமிடம். கீழ்த் தோட்டம் வரை உருண்டுவிட்டால் மூன்று. ஒரு பாதியில் ஏழெட்டுத் தடவை போகும். இத்தனை வருடமும் அந்த நேரத்தில் நன்கொடையாளர் பெயர் வாசித்துக்கொண்டிருந்தேன்! நன்றி தம்பி.

கேத்தி 64 | செவ்வாய், மாலை 5.15

நான் கல்லூரி மாணவன், சதுரங்கம் ஆடுகிறேன். கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வி எங்கள் ஆட்டத்தில் இன்னும் கூர்மையாக வருகிறது.

சதுரங்க நேரலையில் திரை ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி காட்டும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காக குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் 14-வது ஆட்டம். விடுதியில் ஒரே போனைச் சுற்றி ஒன்பது பேர். ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். பட்டை சடாரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோரும் கத்தினோம். ஆனால் ஏன் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

யானைக்கு யானை வெட்டுப்படும். அதற்கப்புறம் குகேஷ் தன் மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்தால் டிங்கின் மந்திரியால் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அது ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மந்திரியும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். கணக்கு முடிந்தது. மூலையில் இருந்த மந்திரியை யாராவது எங்களுக்குச் சுட்டிக்காட்டும் வரை அந்தப் பட்டை வெறும் நிறம்தான். விடுதியில் அதைக் காட்டியது ஒரு சீனியர் அண்ணன். அந்த அரை நிமிடம் அவர்தான் எங்கள் நிபுணர். அவர் பெரிய போட்டி எதுவும் ஜெயித்தவர் இல்லை.

வெலிங்டன் கோலி | செவ்வாய், இரவு 9.30

தம்பி கேத்தி, நல்லா எழுதியிருக்கிறாய். ஆனால் கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

16 வருடம் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவன் நான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் உண்டு. சமவெளியிலிருந்து வரும் கோலிகள் ஊட்டியில் முதல் அரை மணி நேரம் தடுமாறுவார்கள். வெளியே இருப்பவர்கள் "குளிர்" என்பார்கள். குளிர் இல்லை. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். கடலோரத்தோடு பார்த்தால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைப் பிடித்து இழுக்கிற காற்று குறைந்தால் தூரத்திலிருந்து அடிக்கிற பந்து வேகம் இழக்காமல் வந்து சேரும். வளைத்து அடிக்கிற பந்து வளைய வேண்டிய அளவு வளையாது. அவன் கை பழக்கப்பட்ட இடத்துக்குப் போகும், பந்து அங்கே இருக்காது. இந்தக் கணக்கை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பந்து சீக்கிரம் வருகிறது என்பது என் உள்ளங்கைக்கு 17 வயதிலேயே தெரியும்.

நின்று பார்த்தவன் சொல்வதற்கும் படித்தவன் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நிபுணர் நாற்காலி ஆடியவனுக்குத்தான்.

பந்தலூர் டீச்சர் | புதன், மாலை 6.05

கோலி அண்ணா, உங்கள் பதிவை என் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த உள்ளங்கை விஷயம் அவர்களுக்கு அப்படியே ஏறியது. ஆனால் நாற்காலி ஆடியவருக்கு மட்டும் என்பதை ஏற்க முடியவில்லை.

வர்ணனையாளர் ஹர்ஷா போக்லே முதல்தர கிரிக்கெட் ஆடியதில்லை. அவர் கேட்கிற கேள்வியால் எத்தனை முன்னாள் வீரர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரசன்னா அகோரம் நம்ம தமிழர். சர்வதேச ஆட்டக்காரர் இல்லை. தென்னாப்பிரிக்க அணி அவரைத் தன் பகுப்பாய்வாளராகப் பல வருடம் வைத்திருந்தது. அஸ்வினுடைய யூடியூப் சேனலில் அவரும் அஸ்வினும் தமிழில் பேசுவதைக் கேட்டால் யார் ஆடியவர், யார் ஆடாதவர் என்ற நினைப்பே வராது. டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த ஒருவர், "நான் எடுத்தேன்" என்பதைவிட "அவர் கால் எங்கே போனது" என்பதை அதிகம் பேசுகிறார். நான் நிபுணர் என்று மதிப்பது அதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் டிவியில் அந்த நாற்காலியில் பெண்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? உலகக்கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் திருஷ் காமினி. 2013-இல். சென்னைக்காரர். இது என் எட்டாம் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆடியவருக்குத்தான் நாற்காலி என்றால் ஆடிய பெண்களுக்கும் அது வர வேண்டும், இல்லையா அண்ணா?

மைக் அண்ணாவுக்கு ஒரு யோசனை. எங்கள் குடும்பம் இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்தது. அப்பா இன்றைக்கும் துடுப்பாட்டம், களத்தடுப்பு, உதைபந்தாட்டம் என்றுதான் சொல்வார். சின்ன வயதில் பள்ளியில் அந்த வார்த்தைகளைச் சொல்லி நான் கேலிக்கு ஆளானேன். இப்போது யோசித்தால் அவருக்கு விளையாட்டு அந்த வார்த்தைகளுக்குள்தான் இருக்கிறது. உங்கள் பெரியவர் படுக மொழியில் யோசிப்பவராக இருக்கலாம். டிவி மாதிரி பேச வேண்டும் என்று அவரை நினைக்க வைத்தால் "நல்ல ஷாட்" என்பதைத் தாண்ட மாட்டார். டீக்கடையில் பேசிய மாதிரியே பேசச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை படுகத்தில் வந்தால் நீங்கள் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.

அருவங்காடு ஷிஃப்ட் | புதன், இரவு 11.55

எல்லோரும் பாடம் எடுக்கச் சொல்கிறீர்கள். நான் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன் உட்காருகிறவன். ஐபிஎல் தமிழ் வர்ணனையில் ஸ்ரீகாந்த் உற்சாகத்தில் குரலை உயர்த்தினால் எனக்குக் களைப்புப் போகிறது. நண்பர்கள் நாலு பேர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அதையும் கெடுத்துவிடாதீர்கள்.

கோத்தகிரி மைக் | வியாழன், காலை 7.05

அருவங்காடு நண்பரே, நீங்கள் சொல்வது நியாயம். திண்ணைப் பேச்சு வேண்டும். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017-இல் வந்தபோது எங்கள் வீட்டில் அம்மா முதல் தடவையாகக் கிரிக்கெட் பார்த்தார், அந்தப் பேச்சுக்காகவே. ஆனால் ஸ்ரீகாந்திடம் எனக்கு இன்னொன்றும் வேண்டும். 1983 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் இரண்டு அணிகளையும் சேர்த்து அதிக ஓட்டம் எடுத்தவர் அவர்தான், 38. வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸை அன்றைக்கு எதிர்கொண்ட மனிதர் ஒரு பவுன்சரைப் பற்றி ஒரு வரி சொன்னால் அதை வேறு யார் சொல்ல முடியும்? அந்த ஒரு வரி வருகிற வரை சிரிப்பு கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும் என்கிறேன். பத்ரிநாத், அபினவ் முகுந்த் போன்ற முன்னாள் பேட்ஸ்மேன்கள் ஸ்டம்புக்கு வெளியே எதை விட வேண்டும் என்று சொல்ல ஆரம்பிக்கும்போது பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

லவ்டேல் பெஞ்ச் | வியாழன், இரவு 8.40

யாரும் தொடாத ஒரு விஷயம். நிபுணர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார்? இந்தியாவில் நடக்கும் சர்வதேச ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தயாரிப்பதே கிரிக்கெட் வாரியம்தான். ஹர்ஷா போக்லே 2016 ஐபிஎல் வர்ணனையில் இல்லாமல் போனார். சஞ்சய் மஞ்ச்ரேகர் 2020-இல் வாரியத்தின் வர்ணனைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஜடேஜாவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆட்டக்காரர் என்கிற மாதிரி மஞ்ச்ரேகர் 2019-இல் சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை, உலகக்கோப்பை அரை இறுதியில் 77 ஓட்டம் எடுத்து ஜடேஜாவே பதில் சொல்லிவிட்டார். ஆனால் பிடிக்காததைச் சொல்லக்கூடியவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். எல்லோரையும் பாராட்டுகிற நிபுணரின் பாராட்டுக்கு என்ன மதிப்பு?

ஊர் ஆட்டத்தில் வாரியம் இல்லை. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தம்பி, உங்கள் பெரியவருக்கு அரை இறுதியில் உறவுக்காரப் பையன் யாராவது ஆடுகிறானா?

கோத்தகிரி மைக் | வியாழன், இரவு 9.20

ஆடுகிறான் சார். அவருடைய அண்ணன் மகன். நீலச் சட்டை அணியில் 4-ஆம் நம்பர். நீங்கள் கேட்கும் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

லவ்டேல் பெஞ்ச் | வியாழன், இரவு 9.35

அப்படியானால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். மறைத்தால்தான் குற்றம்.

மேட்டுப்பாளையம் கேமரா | வெள்ளி, இரவு 10.15

சார் சொன்னதோடு என் அனுபவம் ஒன்று. முன்பு ஒரு லோக்கல் சேனலுக்குக் கபடி நேரலை செய்தோம். நிபுணராக வந்தவர் பழைய கேட்சர். மூன்று பேர் மட்டும் களத்தில் இருக்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி, அதனால் அந்த மூன்று பேரும் வேண்டுமென்றே மூலையில் ஒதுங்கி நின்று பாடி வருபவனுக்கு ஆசை காட்டுகிறார்கள் என்று ஆரம்பித்தார். வண்டிக்குள் நாங்கள் எல்லோரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கேட்டோம். பாதியில் நகைக்கடை விளம்பரம் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த மூன்று பேரும் பிடித்து முடித்திருந்தார்கள். அவர் அதற்கப்புறம் அன்றைக்கு எதுவுமே பெரிதாகப் பேசவில்லை. அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. அண்ணா, அவர் ஒன்றைத் தொடங்கினால் முடிக்க விடுங்கள். பந்து வந்தால் மட்டும் கையைத் தொடுங்கள்.

கோத்தகிரி மைக் | ஞாயிறு, காலை 8.30

அரை இறுதி முடிந்தது. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் பெரியவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அண்ணா, பந்தை நான் பார்த்துக்கறேன். நீங்க பந்து இல்லாத இடத்தைப் பாருங்க." உடனே புரிந்துகொண்டார். ஸ்டாப்பர் பேக்குக்கு அதுதானே வேலை. மைக்கில் அவருடைய முதல் வார்த்தை: "நீலச் சட்டை 4-ஆம் நம்பர் எங்க அண்ணன் மகன். தெரிஞ்சுக்குங்க."

14-வது நிமிடம் பந்து தோட்டத்துக்குள் போனது. நன்கொடைப் பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பந்து வர ரெண்டு நிமிஷம் ஆகும். அந்தப் பக்கம் என்ன நடக்குது அண்ணா?" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நேரலையைத் திரும்ப ஓட்டிப் பார்த்து எழுதியது.

"சிவப்புச் சட்டை 6-ஆம் நம்பரைப் பாருங்க. பந்து மேட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் பள்ளத்துப் பக்கம் நாலு அடி தள்ளிப் போறான். அவசரமே படல. யாரும் அவன்கூடப் போகல. எல்லாரும் பந்தைப் பார்க்கறாங்க. பத்து நிமிஷத்துக்குள்ள அவனுக்கு ஒரு பந்து வரும்."

கேமரா பிடித்த பையன் போனை 6-ஆம் நம்பர் பக்கம் திருப்பினான். நான் சொல்லவில்லை, அவனாகவே திருப்பினான். 21-வது நிமிடம் அந்தப் பந்து வந்தது. தன்னந்தனியாக நின்றான். அடித்தான், கம்பத்துக்கு மேலே போய்விட்டது. கோல் விழவில்லை. ஆனால் மைதானத்து ஓரத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவன் பக்கம் பந்து திரும்பும்போதே எழுந்து நின்றுவிட்டார்கள். 12 வருடத்தில் பந்து போய்ச் சேருவதற்கு முன்னால் கூட்டம் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஒரு தப்பும் நடந்தது. சிவப்பு அணியின் முதல் கோலின்போது அவர் பேசிக்கொண்டிருந்தார். கையைத் தொட்டேன், கவனிக்கவில்லை. கோல் மேல் பேச்சு விழுந்துவிட்டது. பழகப் பழகச் சரியாகும்.

இரண்டாம் பாதியில் கீழேயிருந்து மேகம் ஏறி வந்தது. பத்து நிமிடத்தில் எதிர்க் கோல் கம்பம் மறைந்தது, அப்புறம் நடு வட்டமும் மறைந்தது. போன் திரையில் வெறும் வெள்ளை. ரெஃபரி இன்னும் நிறுத்தவில்லை. நேரலையில் 60 பேர், துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும். லவ்டேல் சார் சொன்ன வானொலி அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெரிகிற காலையும் சட்டையையும் வைத்துச் சொல்லிக்கொண்டே போனேன். திடீரென்று பெரியவர் என் கையைத் தொட்டார். "கேளுங்க. கோலி அடிச்சிருக்கான், தூரமா. சத்தம் கனமா இருக்கு. இப்ப மேட்டுப் பக்கம் ரெண்டு பேர் குதிப்பாங்க." இரண்டு நொடியில் தலையில் பந்து படுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் விசில்.

ஆட்டம் கால் மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில் அவரிடம் அவருடைய காலத்தைப் பற்றியே கேட்டேன், ஆனால் வேறு மாதிரி: "நீங்க ஆடினப்போ இருந்து, டிஃபென்ஸ்ல மாறின ஒண்ணு எது?" 1992-இல் வந்த விதியைச் சொன்னார். அதற்கு முன் ஸ்டாப்பருக்கு நெருக்கடி வந்தால் பந்தைக் கோலிக்குத் தட்டுவார், கோலி கையால் எடுத்துக்கொள்வார், தீர்ந்தது. விதி மாறிய பிறகு காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோலி கையால் தொட முடியாது. "அன்னைக்கு வரைக்கும் எனக்குப் பின்னாடி ஒரு வீடு இருந்துச்சு. விதி வந்ததும் கதவைச் சாத்திட்டாங்க" என்றார்.

மேகம் விலகியதும் மறுபடி ஆட்டம். 71-வது நிமிடம் இரண்டாவது கோல் விழுந்ததும் இதனால்தான். நீலச் சட்டை 4-ஆம் நம்பர் நெருக்கடியில் பின்னால் தட்டினான், கோலி கையால் எடுக்க முடியாமல் காலை நீட்டினார், ஈரத்தில் பந்து வழுக்கியது, சிவப்பு 9 ஓடி வந்து தள்ளிவிட்டான். நான் சொல்லி முடித்துவிட்டு அவர் பக்கம் பார்த்தேன். கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே மைக்கை இழுத்துக்கொண்டார். "தப்பு எங்க பையன் மேலதான். கோலி மேல இல்ல. வெளிய அடிக்க நேரம் இருந்துச்சு, உடம்பைத் திருப்பாமலே நின்னுட்டான். ஈர மைதானத்துல பின்னால தட்டக் கூடாது." அப்புறம் கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆட்டம் முடிந்து அந்தப் பையன் நேராக எங்கள் மேஜைக்கு வந்தான். சண்டை வருமோ என்று பயந்தேன். "சித்தப்பா, எப்படித் திரும்பியிருக்கணும்?" என்றான். அங்கேயே, ஷூ சேற்றோடு, இடது தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

பந்தலூர் டீச்சர் | ஞாயிறு, காலை 10.10

அப்பாவும் நானும் நேரலையில் கேட்டோம் அண்ணா. திரை வெள்ளையானதும் நான் போனை வைத்துவிடப் போனேன். அப்பா விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தக் கதவு சாத்திய கதையை மத்தியானம் சாப்பாட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெலிங்டன் கோலி | ஞாயிறு, மதியம் 1.20

சத்தத்தை வைத்துச் சொன்னார் பார்த்தீர்களா? அதைப் படித்து வர முடியாது. அந்த இடத்தில் நான் சொன்னதில் நிற்கிறேன். ஆனால் டீச்சர், "பந்து இல்லாத இடத்தைப் பாருங்க" என்று சொல்லத் தெரிந்தது மாவட்ட அணிக்கு ஆடாத ஒருவருக்குத்தான். அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெண்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. அடுத்த வருடம் பெண்கள் ஆட்டம் வைத்தால் அந்த நாற்காலியில் ஆடிய பெண்ணை உட்கார வையுங்கள், கோல் கம்பத்துக்கு வலை கட்ட நான் வருகிறேன்.

கேத்தி 64 | ஞாயிறு, மதியம் 2.45

அண்ணா, இறுதிப்போட்டி எப்போது? விடுதியிலிருந்து நாலு பேர் வருகிறோம்.

கோத்தகிரி மைக் | ஞாயிறு, இரவு 8.15

அடுத்த ஞாயிறு காலை 10.30-க்கு. மேகம் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நேரத்தை முன்னால் இழுத்திருக்கிறோம்.

கேமரா தம்பி, ஒரு உதவி. பெரியவர் இன்றைக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். இறுதிப்போட்டியில் என் பக்கத்தில் உட்கார மாட்டாராம். பள்ளத்துப் பக்கம், கார்னர் கொடிக்கு அருகில் ஒரு ஸ்டூல் போட்டுத் தரச் சொல்கிறார். "நீ மேட்டுப் பக்கத்துல இருந்து பார்க்கற. அங்க இருந்து உனக்குத் தெரியாததுதான் எனக்குத் தெரியணும்" என்கிறார். அவ்வளவு தூரத்துக்கு மைக் ஒயர் எட்டாது. என்ன செய்யலாம்?

மேட்டுப்பாளையம் கேமரா | ஞாயிறு, இரவு 9.00

ஒயர் வேண்டாம் அண்ணா. அவருக்கு ஹெட்செட் மாட்டி உங்கள் இரண்டாவது போனுக்குக் கால் போடுங்கள், அந்தப் போனை மிக்சரில் சொருகுங்கள். ஸ்பீக்கர் சத்தம் அவர் பக்கம் போகாமல் திருப்பிக் கட்டுங்கள், இல்லையென்றால் ஊளையிடும். கையைத் தொட முடியாதே, அதனால் அவர் பேச வேண்டுமானால் துண்டைத் தூக்கிக் காட்டட்டும். சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

கோத்தகிரி மைக் | ஞாயிறு, இரவு 9.05

வாருங்கள் தம்பி, வீட்டில் சாப்பாடு. சிவப்புத் துண்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஒரு அணியின் சட்டை சிவப்பு. வெள்ளை என்றால் மேகத்தில் தெரியாது. மஞ்சள் தேடுகிறேன்.